டேங்க் கிளீனர் என்று நாம் அழைக்கும் மீன்: டெரிகோப்ளிக்திஸ் ஓர் அறிமுகம்

மீன் தொட்டி வைத்திருக்கும் வீடுகளில் இந்த மீனைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு, வயிற்றை நமக்குக் காட்டியபடி அசையாமல் நிற்கும். கரும்பழுப்பு உடம்பு, உடம்பெங்கும் புள்ளிகள், பாய்மரம் போல விரியும் முதுகுத் துடுப்பு. கடையில் கேட்டால் "டேங்க் கிளீனர்" என்பார்கள். சிலர் "சக்கர்" என்பார்கள். பாசியைத் தின்றுவிடும், தொட்டியைக் கழுவுகிற வேலை குறையும் என்று சொல்லித் தருவார்கள்.

நானும் அப்படித்தான் ஒன்று வாங்கினேன். வாங்கும்போது விரல் நீளம்கூட இல்லை. முதல் சில மாதங்கள் கண்ணாடி உண்மையிலேயே பளிச்சென்று இருந்தது. இரண்டு வருடத்தில் அது ஒரு சாணைத் தாண்டிவிட்டது. ராத்திரி விளக்கை அணைத்ததும் கூழாங்கற்களைப் புரட்டும் சத்தம் பக்கத்து அறை வரை கேட்கும். நட்ட செடிகள் காலையில் மேலே மிதக்கும். தண்ணீரோ முன்பைவிட வேகமாகக் கலங்கியது. இது என்ன மீன், எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் தேட ஆரம்பித்தேன். தேடத் தேட, அதன் மேல் இருந்த எரிச்சல் போய் வியப்புதான் மிஞ்சியது.

இந்த மீனை அது பிறந்த ஆற்றோடு சேர்த்துப் பார்த்தால்தான் புரியும். நம் ஊரில் அது தொல்லையாகத் தெரிகிற ஒவ்வொரு குணமும் அமேசானில் பிழைப்பதற்கான திறமை. அந்த ஆற்றைக் கழித்துவிட்டுப் பார்ப்பதால்தான் நாம் அதை ஒரு துடைப்பமாக நினைத்து வாங்குகிறோம், அப்புறம் ஒரு பேயாக நினைத்து ஏரியில் வீசுகிறோம்.

பெயரிலிருந்து தொடங்குவோம்

இது கெளுத்தி வகை மீன். இந்த மீன்கள் சேர்ந்த பேரினத்தின் பெயர் டெரிகோப்ளிக்திஸ். கிரேக்க மொழியில் இறகு அல்லது துடுப்பு, ஆயுதம், மீன் என்ற மூன்று சொற்களைக் கோத்து உருவாக்கிய பெயர். அமெரிக்க விலங்கியலாளர் தியோடர் கில் 1858இல் இந்தப் பெயரை வைத்தார்.

பேரினம் என்றால் என்ன என்று புதியவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நம் குளத்து விராலையும் குரவையையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் வேறு வேறு மீன்கள், ஆனால் பார்த்தவுடனே ஒரே குடும்பத்துச் சாயல் தெரியும். அறிவியலில் இரண்டும் சன்னா என்ற ஒரே பேரினத்துக்குள் வருகின்றன. அந்தப் பேரினத்துக்குள் விரால் ஓர் இனம், குரவை இன்னோர் இனம். அதே மாதிரி டெரிகோப்ளிக்திஸ் என்பது ஒரே ஒரு மீனின் பெயர் அல்ல. அதற்குள் சுமார் 16 இனங்கள் இருக்கின்றன. தொட்டியில் நாம் அதிகம் பார்ப்பது பார்டாலிஸ், அதாவது சிறுத்தை போன்றது. டிஸ்ஜங்க்டிவஸ் என்ற இனமும் அதே அளவுக்குப் பரவியிருக்கிறது. கிப்பிசெப்ஸ் என்ற இனத்தின் தலைக்குப் பின்னால் மேடு போலத் திமில் இருக்கும். பெயரின் பொருளும் "திமில் தலை" என்பதுதான். அதன் உடம்புப் புள்ளிகள் ஒட்டகச்சிவிங்கியின் தோலை நினைவுபடுத்தும். மல்ட்டிரேடியாட்டஸ் என்றால் "பல கதிர்கள் கொண்டது". இது ஒரினோகோ ஆற்று மீன்.

இந்தக் கடைசிப் பெயரில் ஒரு துப்பு இருக்கிறது. துடுப்பை விரித்துப் பிடித்தால் உள்ளே விசிறிக் குச்சிகள் போல நிற்பவைதான் கதிர்கள். கடைகளில் "பிளெக்கோ" என்று விற்கப்படும் மீன்களில் இரண்டு பேரினங்கள் எப்போதும் குழம்பிக்கிடக்கும். ஒன்று ஹைப்போஸ்டோமஸ், இன்னொன்று நம் டெரிகோப்ளிக்திஸ். ஹைப்போஸ்டோமஸின் முதுகுத் துடுப்பில் ஒரு முள்ளும் அதற்குப் பின்னால் பெரும்பாலும் ஏழு கதிர்களும் இருக்கும். டெரிகோப்ளிக்திஸில் கதிர்கள் ஒன்பதுக்குக் குறையாது, பெரும்பாலும் பத்தைத் தாண்டிவிடும். அதனால்தான் அதன் முதுகுத் துடுப்பு அத்தனை அகலமாக, பாய் விரித்தது போல இருக்கிறது. அடுத்த முறை மீன் கண்ணாடியோரம் துடுப்பை விரிக்கும்போது எண்ணிப் பாருங்கள். ஆய்வுக்கூடமே தேவையில்லை.

பிளெக்கோ என்ற சொல்லின் கதையும் சுவையானது. 1758இல் ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் இந்த வகைக் கெளுத்தி ஒன்றுக்குப் பெயரிட்டபோது அதை ஸ்டர்ஜன் மீன்களோடு சேர்த்து அசிபென்சர் பிளெக்கோஸ்டோமஸ் என்று எழுதினார். ஸ்டர்ஜனின் உடம்பிலும் எலும்புத் தகடுகள் உண்டு, அந்த ஒற்றுமையில் வந்த தவறு. தவறு திருத்தப்பட்டு மீன் ஹைப்போஸ்டோமஸ் பேரினத்துக்குப் போனது. ஆனால் "மடிப்பு வாய்" என்று பொருள்படும் அந்தப் பிளெக்கோ மட்டும் வியாபாரப் பெயராகத் தங்கிவிட்டது. நம் பேரினத்துக்கும் நிலையான எல்லை இருக்கவில்லை. இடையில் இதன் இனங்களை லிப்போசார்க்கஸ், கிளிப்டோபெரிக்திஸ் என்று தனித்தனிப் பேரினங்களாகப் பிரித்து வைத்திருந்தார்கள். 2004இல் அமெரிக்க ஆய்வாளர் ஜொனதன் ஆம்பிரஸ்டர் எலும்புக்கூடுகளை ஒப்பிட்டு எல்லாவற்றையும் மறுபடி டெரிகோப்ளிக்திஸுக்குள் கொண்டுவந்தார். பழைய மீன் புத்தகங்களில் வேறு பெயரைப் பார்த்தால் குழம்ப வேண்டாம்.

பேரினத்துக்கு மேலே குடும்பம். இதன் குடும்பம் லோரிகாரிடே. ரோமானியப் போர்வீரர்கள் அணிந்த மார்புக் கவசத்துக்கு லோரிகா என்று பெயர், அதிலிருந்து வந்தது. சுமார் 1,000 இனங்களோடு, கெளுத்திகளிலேயே மிகப் பெரிய குடும்பம் இதுதான்.

பத்து மீட்டர் ஏறி இறங்கும் ஆறு

டெரிகோப்ளிக்திஸ் இனங்கள் தென் அமெரிக்காவின் பெரிய ஆற்றுப் படுகைகளில் பரவியிருக்கின்றன: அமேசான், ஒரினோகோ, பராகுவே, பரானா, பிரேசிலின் சாவோ பிரான்சிஸ்கோ, கொலம்பியாவின் மக்தலேனா. இதில் அமேசானை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

மேட்டு நிலத்திலிருந்து வண்டல் சுமந்து வரும் அமேசானின் கிளையாறுகளின் இருபுறமும் வார்சியா என்று அங்குள்ளவர்கள் சொல்லும் வெள்ளச் சமவெளிகள் இருக்கின்றன. மழைக்காலத்தில் ஆறு கரை தாண்டிக் காட்டுக்குள் போய்விடும். பிரேசிலின் மானவுஸ் நகரத்துத் துறைமுகத்தில் நீர்மட்டம் வருடத்துக்குச் சராசரியாக 10 மீட்டர் ஏறி இறங்குகிறது. மூன்று மாடி உயரம். ஏறும்போது மரங்களின் கிளைகளுக்கு நடுவே மீன்கள் நீந்தும். இறங்கும்போது காட்டுக்குள் ஆங்காங்கே குட்டைகள் தங்கிப்போகும். வெயிலில் அந்தக் குட்டைகள் சூடாகும், இலைதழை அழுகும், நீரில் கரைந்த ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லாமல் போகும். கூடவே முதலை வகையான கேமன்கள், நாரைகள், ராட்சத நீர்நாய்கள், பெரிய கெளுத்திகள் என்று வேட்டையாடுபவை எல்லாம் சுருங்கிய தண்ணீரைச் சுற்றிக் கூடும்.

இந்த மீனின் உடம்பு ஒவ்வொரு வருடமும் திரும்பி வருகிற அந்தக் காலத்தைக் கடப்பதற்காக அமைந்தது.

முதலில் கவசம். இதன் மேல் இருப்பவை செதில்கள் அல்ல. தோலுக்குள் வளர்ந்த எலும்புத் தகடுகள், பக்கவாட்டில் வரிசை வரிசையாக ஒன்றன்மேல் ஒன்று படிந்து நிற்கின்றன. ஓட்டு வீட்டுக் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தகடுகளின் மேல் பரபரவென்று சொரசொரப்பாகப் படுபவை நுண்ணிய பற்கள். நம் வாயில் இருக்கும் பல்லைப் போலவே எனாமல் போன்ற பூச்சும் உள்ளே கூழும் கொண்ட உண்மையான பற்கள்தான், தோலில் முளைத்திருக்கின்றன. மார்புத் துடுப்பின் முதல் முள்ளிலும் அவை அடர்ந்திருக்கும். ஆபத்து என்றால் மீன் அந்த முட்களை விரித்து விறைத்துக்கொள்ளும். வலையில் சிக்கிய ஒன்றை எடுக்கப்போன மீனவர்களுக்கு இந்த விறைப்பு நன்றாகத் தெரியும். வலையை அறுக்காமல் அதை வெளியே எடுப்பது பாடு.

அப்புறம் வாய். உதடுகள் வட்டமாக விரிந்து உறிஞ்சியாக வேலை செய்கின்றன. ஓடும் நீரில் ஒரு கட்டையையோ கல்லையோ பற்றிக்கொண்டு, அப்படியே அதன்மேல் இருப்பதைச் சுரண்டித் தின்னலாம். பற்கள் மெல்லிய தூரிகை இழைகள் போல இருக்கும். தின்பது பாசியை மட்டுமல்ல. நீருக்கடியில் எல்லாப் பொருள்கள் மேலும் படியும் வழுக்கல் படலம், மட்கிய இலை, வண்டல், அதிலிருக்கும் நுண்ணுயிர்கள், சின்னஞ்சிறு புழுக்கள் எல்லாம் சேர்த்து வழித்துத் தின்னும். இவ்வளவு சத்துக் குறைவான உணவிலிருந்து சாரத்தை எடுக்க வேண்டுமே. அதற்காகக் குடல் மெல்லிய நூல் போல, கடிகாரச் சுருள்வில் மாதிரி சுருண்டு, உடம்பின் நீளத்தைப் போலப் பல மடங்கு இருக்கிறது. நிறையத் தின்று நிறையக் கழிக்கும் மீன் இது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தொட்டிக்கு வரும்போது திரும்பத் தேவைப்படும்.

கண்ணையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு இதில் மிகப் பிடித்த உறுப்பு அது. கருவிழியின் மேலிருந்து சின்ன இதழ் போல ஒரு சதை கண்மணிக்குள் தொங்குகிறது. வெளிச்சம் கூடினால் அந்த இதழ் விரிந்து கண்மணியை ஒரு வளைந்த கீற்றாகக் குறுக்கிவிடும். இருட்டில் சுருங்கி முழுவட்டம் திறந்துகொள்ளும். ராத்திரியில் திரியும் மீன், பகலில் வெயில் படும் ஆழமற்ற நீரில் கிடக்க நேர்ந்தாலும் சமாளித்துக்கொள்கிறது. ஒரு டார்ச்சை மெதுவாகப் பக்கத்திலிருந்து காட்டிப் பார்த்தால் தொட்டியிலேயே இதைக் காணலாம்.

இனி மூச்சு. நம் ஊர் விராலும் பனையேறிக் கெண்டையும் காற்றைக் குடிக்கத் தெரிந்தவை. அவற்றுக்குத் தலைக்குள் செவுளுக்கு மேலே அதற்கென அறை இருக்கிறது. டெரிகோப்ளிக்திஸ் அதே சிக்கலுக்கு வேறு இடத்தில் விடை கண்டது: இரைப்பையில். நீரில் ஆக்சிஜன் குறைந்தால் விருட்டென்று மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போய்விடும். அந்தக் காற்று இரைப்பைக்குப் போகிறது. மிகப் பெரிதாகி, சுவர் மெலிந்து, நுண்ணிய ரத்தக் குழாய்கள் நிறைந்த அந்த இரைப்பை, நுரையீரல் செய்கிற வேலையைச் செய்கிறது. செரிமானப் பொறுப்பு பெரும்பாலும் குடலின் தலையில் விழுகிறது. உடம்பு ஈரமாக இருந்தால் தண்ணீருக்கு வெளியே 20 மணி நேரத்துக்கும் மேல் உயிரோடு இருக்கும். குட்டை வற்றினால் தரையில் நகர்ந்தும் போகும். தலையையும் மார்பு முட்களையும் ஊன்றி, வாலைச் சுழற்றி, ஒரு பக்கமாக உந்தி உந்தி நகர்கிற அந்த நடையைப் படம்பிடித்து ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர்கள் 2021இல் அதற்குத் தனிப் பெயரே வைத்தார்கள். வேறு எந்த மீனின் தரை நடையோடும் அது ஒத்துப்போகவில்லை.

கடைசியாக, வீடு. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீன் ஆற்றுக்கரை மண்ணில் பொந்து தோண்டும். வாய்ப்பகுதி தன் உடம்பு நுழையும் அளவுதான் இருக்கும், உள்ளே ஒரு மீட்டர் வரை சரிந்து இறங்கும். பெண் அதில் நூற்றுக்கணக்கில், பெரிய மீனாக இருந்தால் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதோடு அது போய்விடும். காவல் முழுக்க ஆணுக்கு. துடுப்பை அசைத்து நீரை ஓட்டிக்கொண்டு, குஞ்சுகள் வெளியேறும் வரை பொந்தை விட்டு நகராது. மீன் உலகத்தில் முட்டையை வெள்ளத்தில் விட்டுவிட்டுப் போகும் தாய்தந்தையர்தான் அதிகம். இந்தக் கவசக் கெளுத்தியிடம் இவ்வளவு பொறுப்பை நான் எதிர்பார்க்கவில்லை.

அங்கே அது சாப்பாட்டு மீன்

பிறந்த ஊரில் இதை யாரும் துப்புரவோடு சேர்த்துப் பேசுவதில்லை. பிரேசில் அமேசானில் போடோ என்றும் அக்காரி என்றும் சொல்கிறார்கள். பெருவில் கராச்சாமா. மானவுஸ் சந்தைகளில் இது உயிரோடு விற்கப்படும். காற்றைச் சுவாசிக்கும் மீன் ஆயிற்றே, தண்ணீர் இல்லாமலே குவித்து வைத்தாலும் வெகுநேரம் தாங்கும். கவசத்தோடு அப்படியே தணலில் போட்டுச் சுடுவார்கள். எலும்புத் தகடுகள்தான் அங்கே சட்டி, உள்ளே இருக்கும் சதை தன் ஈரத்திலேயே வெந்துவிடும். குழம்பாகவும் வைக்கிறார்கள். பெருவின் காட்டுப் பகுதியில் கராச்சாமா சூப்பு காலை உணவுக்கே பேர்போனது.

பிரேசிலின் சந்தரேம் நகரத்துப் பக்கம் பிராகுயி என்று ஒன்று செய்கிறார்கள். மீனைச் சுட்டு, சதையைப் பிரித்து, அகன்ற சட்டியில் போட்டு ஈரம் போகும்வரை வறுத்து மாவாக்கி வைப்பது. தூப்பி மொழியில் பிரா என்றால் மீன், குயி என்றால் மாவு. இது பழங்குடி மக்களிடமிருந்து வந்த முறை. வெள்ளம் ஏறி மீன் காட்டுக்குள் சிதறிப்போகும் மாதங்களுக்காக, நீர் இறங்கி மீன் நெருங்கிக் கிடக்கும்போதே சேமித்துவைக்கிறார்கள். ஆறு ஏறி இறங்குவதற்கு மீன் கவசத்தோடும் இரைப்பையோடும் ஈடுகொடுத்தது, மனிதர்கள் இந்த மாவோடு ஈடுகொடுத்தார்கள்.

வீட்டை விட்டு வெளியே

வண்ணமீன் வியாபாரம் இந்த மீனை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. போன இடமெல்லாம் பெயர் ஒரே திசையில் மாறியது. இந்தோனேசியாவில் சாப்பு சாப்பு, சாப்பு என்றால் துடைப்பம். பிலிப்பைன்ஸில் ஜானிட்டர் ஃபிஷ். மலேசியாவில் இக்கான் பண்டாராயா, மாநகராட்சி மீன். நமக்கு டேங்க் கிளீனர். ஒவ்வொரு ஊரும் தனித்தனியாக யோசித்து ஒரே தவறான பெயரை வைத்தது போல இருக்கிறது.

பெயரை நம்பி வாங்கியவர்கள், மீன் தொட்டியை மீறி வளர்ந்ததும் என்ன செய்வார்கள்? கொல்ல மனம் வராது. பக்கத்து ஏரியிலோ கால்வாயிலோ விடுவார்கள். இரக்கத்தில் செய்ததுதான். கூடவே வளர்ப்புக் குளங்களிலிருந்து மழை வெள்ளத்தில் தப்பிப் போனவையும் உண்டு. அமேசானின் வற்றிய குட்டையைத் தாக்குப்பிடிக்கும் மீனுக்கு, சாக்கடை கலந்து ஆக்சிஜன் குறைந்த நகரத்துக் கால்வாய் ஒரு பொருட்டே இல்லை. அங்கே மற்ற மீன்கள் செத்து மிதக்கும்போது இது மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுப் போகும். ஜகார்த்தாவின் சிலிவுங் ஆறும் மணிலாவின் மரிக்கினா ஆறும் இந்த மீனால் நிறைந்தது அப்படித்தான். நீரை நாம் எவ்வளவு கெடுக்கிறோமோ அவ்வளவுக்கு இதற்குப் போட்டி குறைகிறது.

மெக்சிகோவின் இன்ஃபியெர்னியோ நீர்த்தேக்கம் ஒரு காலத்தில் திலாப்பியா மீன்பிடிப்புக்குப் பெயர்பெற்றது. 2000க்குப் பிறகான சில வருடங்களிலேயே அங்கே வலையில் விழுவதில் பெரும்பகுதி இந்த மீனாகிவிட்டது. விலை போகாது, வலையைக் கிழிக்கும். மீனவர்கள் இதற்கு வைத்த பெயர் பெஸ் டியாப்லோ, பேய் மீன். ஆந்திராவின் மீன் குளங்களிலும் டெவில் ஃபிஷ் என்றுதான் சொல்கிறார்கள். புவேர்ட்டோ ரிக்கோவில் கூழைக்கடாக்கள் இதை விழுங்கப் போய், விரிந்த முட்கள் தொண்டையில் சிக்கிச் செத்தன. இப்படிப்பட்ட இரையோடு பழகாத பறவைகள் அவை. ஃபுளோரிடாவில் வேறொரு காட்சி. குளிர்காலத்தில் கடற்பசுக்கள் வெதுவெதுப்பான ஊற்றுகளுக்கு வந்து ஓய்வெடுக்கும். குளிர் தாங்காத இந்த மீன்களும் அதே ஊற்றுகளில் கூடி, கடற்பசுவின் முதுகில் ஒட்டிக்கொண்டு அங்கிருக்கும் பாசியைச் சுரண்டுகின்றன. சில கடற்பசுக்கள் நிம்மதியில்லாமல் புரண்டு அவற்றை உதறுவதைப் பார்த்திருக்கிறார்கள்.

கரையோரப் பொந்துகள் இன்னொரு சிக்கல். அமேசானில் ஆறு தன் கரையைத் தானே அரித்து வேறிடத்தில் மண் சேர்த்துக்கொண்டே இருப்பது, சில பொந்துகள் அங்கே கணக்கில் வராது. கால்வாய்க் கரையிலும் குளத்தின் மண்கரையிலும் நூறு பொந்து விழுந்தால் கரை சரியத் தொடங்கும். நம்முடைய ஏரி, கண்மாய் எல்லாம் மண்கரையை நம்பி நிற்பவை என்பதை யோசித்துப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

இந்தியாவில் திருவனந்தபுரத்தின் சாக்கைக் கால்வாய், கிழக்குக் கொல்கத்தாவின் சதுப்பு நிலங்கள், வாரணாசி அருகே கங்கை என்று பல இடங்களில் பதிவாகியிருக்கிறது. தமிழ்நாட்டு ஏரிகளிலும் வலை போடுபவர்களுக்கு இது இப்போது புதிய மீன் இல்லை. இலங்கையில் கண்டிக்குப் பக்கத்திலுள்ள பொல்கொல்ல நீர்த்தேக்கத்தில் இது நிலைபெற்றுவிட்டது. வங்காளதேசம் 2023இல் இதைத் தடைசெய்தது.

சரி, தொட்டியைச் சுத்தம் செய்யுமா?

குட்டியாக இருக்கும்போது பாசியைத் தின்னும், உண்மைதான். ஆனால் தின்றது எங்கே போகிறது? மேலே சொன்ன நீண்ட குடலை நினைத்துப் பாருங்கள். கண்ணாடியில் பச்சையாக இருந்தது, கழிவுக் கயிறாக மணலில் கிடக்கும். அதிலிருந்து வரும் அமோனியாவும் நைட்ரேட்டும் அடுத்த பாசிக்கு உரம். வளர்ந்த மீன் பாசியையே அவ்வளவாகக் கண்டுகொள்ளாது, கீழே விழும் தீனியைத் தேடித்தான் வரும்.

இதற்கு ஓர் ஆற்றளவிலான சான்றும் உண்டு. மெக்சிகோவின் சியாப்பாஸ் மாநிலத்தில் இந்த மீன் பெருகிய ஓர் ஆற்றை கிறிஸ்டா காப்ஸ், அலெக்சாண்டர் ஃப்ளெக்கர் என்ற ஆய்வாளர்கள் அளந்து 2013இல் வெளியிட்டார்கள். மீன்கள் கூட்டமாகத் தங்கும் இடங்களில் அவற்றின் கழிவால் நீரின் சத்துக்கணக்கே மாறியிருந்தது. அதேநேரம் இவ்வளவு எலும்புக் கவசம் வளர்க்கப் பாஸ்பரஸ் நிறையத் தேவை. அந்தப் பாஸ்பரஸ் நீரோட்டத்திலிருந்து எடுக்கப்பட்டு மீனின் உடம்பில் வருடக்கணக்கில் அடைபட்டுக் கிடக்கிறது. சத்துக் குறைந்த தெளிந்த ஆற்றில் இது சின்ன விஷயம் இல்லை.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். கடைக்காரர் பேச்சை நம்பித் தனியாகத் தீனி போடாமல் விட்டால் இந்த மீன் பட்டினி கிடக்கும். வயிறு உள்வாங்கி ஒட்டியிருந்தால் அதுதான் அடையாளம். பசித்த மீன் ராத்திரியில் கோல்டு ஃபிஷ், டிஸ்கஸ் மாதிரி மெதுவாக நீந்தும் மீன்களின் பக்கவாட்டில் ஒட்டி, உடம்பின் வழுக்கல் படலத்தையே சுரண்டிவிடும். காலையில் அந்த மீனில் வெள்ளைத் திட்டுகள் தெரியும். என் தொட்டியிலும் அது நடந்தது. கொடூரமான மீன் என்று அன்று நினைத்தேன். அதற்குத் தேவைப்பட்டது ஒரு துண்டு வெள்ளரிக்காய்.

ஏற்கெனவே வீட்டில் இருந்தால், அது 40 முதல் 50 சென்டிமீட்டர் வரை வளரும், பத்துப் பதினைந்து வருடம் வாழும் என்ற கணக்கோடு இடம் கொடுங்கள். இரண்டடித் தொட்டி குட்டிக்குத்தான். அடியில் மூழ்கும் தீனி, வெள்ளரி, லேசாக அவித்த பூசணி, ஒளிந்துகொள்ள ஒரு மரக்கட்டை, வலுவான வடிகட்டி. முடியவில்லை என்றால் பெரிய தொட்டியோ சிமெண்டுத் தொட்டியோ வைத்திருப்பவரிடம் கொடுங்கள், அல்லது கடையிலேயே திரும்பக் கொடுங்கள். ஏரி, கிணறு, கோயில் தெப்பக்குளம் எதிலும் விடாதீர்கள்.

இன்னும் வாங்கவில்லை, பாசி தின்ன ஒரு மீன் வேண்டும் என்பவர்கள் இதே குடும்பத்தின் ஆன்சிஸ்ட்ரஸைக் கேளுங்கள். கடையில் பிரிஸ்டில் நோஸ் என்று சொன்னால் தெரியும். 12, 15 சென்டிமீட்டரோடு வளர்ச்சி நின்றுவிடும். ஆண் மீனின் முகத்தில் மீசைக்காடு மாதிரி கிளைவிட்ட முளைகள் இருக்கும். அதையும் வெளியே விடக் கூடாது என்பது வேறு விஷயம்.

ஏரியில் வலை போடும்போது சிக்கினால் திரும்ப நீரில் போடாதீர்கள். கரையில் எறிந்தாலும் செத்துவிட்டது என்று விட்டுவர வேண்டாம், பல மணி நேரம் கழித்தும் அது தண்ணீரைத் தேடி நகரும். சாக்கடை கலக்கும் நீரில் பிடிபட்டதைச் சமைக்கவும் கூடாது. வண்டலையே தின்று வளர்ந்த உடம்பு அது, வண்டலில் இருக்கும் ஈயமும் மற்ற கன உலோகங்களும் அதற்குள் சேரும். மானவுஸில் சுடுகிற மீனும் நம் நகரத்துக் கால்வாயில் பிடிபடும் மீனும் பேரினத்தால் ஒன்றுதான், தின்று வளர்ந்த சேறு வேறு.

என்ன இனம் என்று பார்க்க மீனைத் திருப்பி வயிற்றைப் பாருங்கள். வெளிர்நிறத்தில் தனித்தனிக் கரும்புள்ளிகள் என்றால் பார்டாலிஸ். புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து புழு நெளிந்த கோலம் மாதிரி ஓடினால் டிஸ்ஜங்க்டிவஸ். பாதி புள்ளியும் பாதி நெளிகோடுமாக இருந்தால் குழம்ப வேண்டாம், இந்த இரண்டும் கலந்து பெருகிய கூட்டங்கள் பல நாடுகளில் இருக்கின்றன. அந்த வயிற்றை ஒரு படம் எடுத்து, பிடித்த இடத்தையும் நாளையும் எழுதிப் பக்கத்திலுள்ள மீன்வளக் கல்லூரிக்கோ மீன்வளத் துறைக்கோ அனுப்பிவையுங்கள். எந்த ஏரி வரை வந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் அதற்கு அடுத்த ஏரியைக் காப்பாற்ற முடியும்.